கமரா எந்த உயரத்தில் நிற்க வேண்டும்?

கடந்த சில போகங்களாக எமது பகுதிக் கமக்காரர் அமைப்புகளின் கூட்டங்களிலும் மாதர் சங்கக் கூட்டங்களிலும் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகின்றது. பயிர்ச்செய்கை பற்றிய பயிற்சிப் படங்களை நாமே எடுப்பதானால் எந்தக் கமராவை வாங்கலாம் என்பதே அக்கேள்வி. பெரிய கமரா வேண்டும் என்பார் ஒருவர். கல்யாண வீடுகளில் தோளில் வைத்துப் படம் பிடிக்கிறார்களே, அதைப் போன்றது வேண்டும் என்பார் இன்னொருவர். நிதி தருபவர்கள் இருக்கும்போது சிறியதை ஏன் கேட்பான் என்று மூன்றாமவர் சொல்வார். கமராவைப் பற்றிய பேச்சு ஒரு மணித்தியாலம் நீளும். அதனால் எதைப் படம் பிடிப்பது, யார் பிடிப்பது, பிடித்ததை யார் பார்ப்பது என்பவை பற்றிப் பேச நேரம் கிடைப்பதில்லை.

இக்கேள்வியைக் கேட்பவர்கள் யார் என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். 1990 இல் ஊரைவிட்டு ஓடியவர்கள், 2004 டிசம்பரில் கடலுக்குத் தப்பி ஓடியவர்கள், 2006 இலும் 2007 இலும் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் பாய் தலையணையுடன் வாவியைக் கடந்தவர்கள். ஒரே குடும்பம் இந்த மூன்று தடவையும் ஓடியதும் உண்டு. 2007 இன் முற்பகுதியில் இம்மாவட்டத்தில் இடம்பெயர்ந்திருந்தோரின் தொகை ஒன்றரை இலட்சத்தை அண்மித்திருந்தது. திரும்பி வந்தபோது வீட்டுக்கு ஓடு இல்லை, கிணற்றுக்குக் கப்பி இல்லை, பட்டியில் மாடு இல்லை. இவற்றையெல்லாம் கணக்கெடுத்தார்கள், படிவங்களில் எழுதினார்கள். எழுதப்படாத இழப்பு ஒன்றும் இருந்தது. பன்னிரண்டு வயதில் தகப்பனின் பின்னால் வரம்பில் நடந்து தொழில் பழக வேண்டிய பிள்ளை, அந்த வயதை நிவாரண வரிசையில் கழித்தது. இன்று அந்தப் பிள்ளைக்கு முப்பது வயது கடந்துவிட்டது. காணி இருக்கிறது, உழவு இயந்திரத்தைக் கூலிக்குப் பிடிக்கலாம், ஆனால் விதைநெல்லைக் கையில் அள்ளிப் பார்த்து இது முளைக்கும், இது முளைக்காது என்று சொல்ல வராது. சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே பயிற்சிப் படம் என்பது எமக்கு ஆடம்பரம் அல்ல. கைத்தொலைபேசியில் தமிழ்ப் படங்கள் எத்தனையோ கிடைக்கின்றனவே என்று சிலர் கேட்கலாம். கிடைப்பது உண்மைதான். 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்படும் வரைக்கும் எமது மக்கள் கூட்டெரு செய்வதற்கும் பஞ்சகவ்வியம் தயாரிப்பதற்கும் தமிழ்நாட்டுப் படங்களையே பார்த்தார்கள். அவை நல்ல படங்கள். ஆயினும் குறுவை என்றும் சம்பாப் பட்டம் என்றும் அங்கே சொல்லும் காலக்கணக்கு எமது பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் பொருந்தாது. அங்கே பெரும்பாலும் நாற்று நடுகிறார்கள். நாமோ புழுதி விதைப்பும் சேற்று விதைப்புமாக வீசி விதைக்கிறவர்கள். மலைநாட்டுச் செம்மண்ணில் எடுத்த படத்தை வைத்து, வாவியோரத்து உவர் ஏறிய வயலில் நிற்பவர் என்ன செய்வார்? எமது வட்டையில், எமது மண்ணில், எமது பேச்சில் எடுத்த படம் வேண்டும். இதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. கமராவைப் பற்றிய விடயத்தில்தான் வேறுபடுகிறேன்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். சுனாமிக்குப் பின்னர் நான் வேலை செய்த இடத்துக்கு உதவி நிறுவனம் ஒன்று நல்ல வீடியோ கமரா ஒன்றைத் தந்தது. மினி டிவி எனப்படும் சிறிய நாடாவில் பதியும் கமரா. அக்காலத்தில் அது சிறந்த கருவி என்பதை மறுப்பதற்கில்லை. அதன் விலையைக் கேள்விப்பட்டதும் எங்கள் எல்லோருக்கும் பயம் பிடித்துவிட்டது. அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். திறப்பு ஒருவரிடம் மட்டுமே இருந்தது. அவர் கொழும்புக்குப் போனால் கமராவும் இல்லை. வருடத்தில் ஏழெட்டுத் தடவை வெளியே வந்தது, அதிலும் பாதி விருந்தினர் வருகைக்காக. வாவிக் காற்றின் ஈரமும் பூட்டிய அலுமாரியின் இருட்டும் சேர்ந்து மூன்று வருடத்தில் வில்லைக்குள் பூஞ்சணம் பிடித்தது.

அது போகட்டும். அதே கமராவில் வயதான கமக்காரர் ஒருவரை ஒரு முழு நாடா பதிந்திருந்தோம். விதைநெல்லை எத்தனை வெயில் காயவைப்பது, பட்டறையில் வேப்பிலையும் நொச்சியிலையும் எப்படி இடையிடையே போடுவது, முளைப்பை எப்படிச் சோதிப்பது என்று அவர் ஒரு மணித்தியாலம் பேசினார். அவர் இறந்து பல வருடங்களாகிவிட்டன. நாடா இப்போதும் என்னிடம் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்கக் கருவி இல்லை. கமரா பழுதாகிவிட்டது, அந்த வகைக் கமராக்களைச் செய்வதையும் நிறுத்திவிட்டார்கள். அண்மையில் அவருடைய பேரன் வந்து கேட்டான். நாடாவைக் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பத் தந்தான்.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட கருத்து இதுதான்: சங்கத்துக்குக் கமரா வாங்க வேண்டாம். சங்கத்தில் உள்ளவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் கைத்தொலைபேசிகளில் நல்லதொன்றைத் தெரிந்தெடுங்கள். வாங்குவதற்கென்று வைத்திருக்கும் பணத்தில் ஒரு மைக்கும் ஒரு முக்காலியும் இரண்டு மெமரி காட்டும் வாங்குங்கள். 2022 இல் ரூபாயின் பெறுமதி விழுந்த பின்னர் இறக்குமதிப் பொருட்களுக்கு நாம் கொடுக்கும் விலையை நான் சொல்லத் தேவையில்லை. மிஞ்சும் பணத்துக்கு விதைநெல் வாங்கலாம்.

நல்ல தொலைபேசி என்பதை எப்படி அறிவது? கடைக்காரர் சொல்லும் மெகாபிக்சல் கணக்கை விட்டுவிடுங்கள். பின்பக்கக் கமராவால் பிடியுங்கள், முகம் பார்த்துப் பிடிக்கும் முன்பக்கக் கமராவை விட அதுவே தெளிவானது. ஒரு நெல்மணியை உள்ளங்கையில் வைத்து ஒரு சாண் தூரத்திலிருந்து பிடித்துப் பாருங்கள். உமியின் கோடு தெரிந்தால் போதும். பிறகு திரையில் விரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். குவியமும் ஒளி அளவும் அப்படியே பூட்டப்படுகின்றனவா என்று பாருங்கள். இந்த வசதி இல்லாத தொலைபேசியில் கை அசையும் ஒவ்வொரு தடவையும் படம் மங்கித் தெளியும், வெளுத்துக் கறுக்கும். பார்ப்பவருக்குத் தலை சுற்றும். அளவை 1080 இல் வையுங்கள். அதற்கு மேலே போனால் இடம் நிரம்புமே தவிர, வீட்டுத் தொலைக்காட்சியிலோ சங்கச் சுவரிலோ பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. 1080 இலேயே ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 முதல் 130 மெகாபைட் வரை போகும். பத்து நிமிடப் படத்துக்கு ஒரு மணித்தியாலம் பதிவதுண்டு, கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். தொடங்குமுன் ஏரோப்பிளேன் மோட்டில் போட மறக்க வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் மகன் சரியாக நடுவில்தான் அழைப்பான். வில்லையைப் பழைய பருத்திச் சேலைத் துணியால் துடையுங்கள். மங்கலாக வந்த படங்களில் அரைவாசிக்குக் காரணம் விரல் எண்ணெய்தான்.

பெரிய கமரா தேவைப்படும் இடமே இல்லையா என்றால், உண்டு. 2018 இல் இந்நாட்டுக்கு வந்த சேனா படைப்புழுவை மற்றைய புழுக்களிலிருந்து பிரித்தறிய வேண்டுமானால் அதன் தலையில் தலைகீழாக நிற்கும் கவர்க்கம்பு போன்ற வெள்ளைக் கோட்டையும், வால் பக்கத்தில் சதுரமாக அமைந்த நான்கு கறுப்புப் புள்ளிகளையும் காட்ட வேண்டும். நெல்லின் அடித்தண்டில் ஒட்டியிருக்கும் அறக்கொட்டியைக் காட்டுவதும் அப்படித்தான். சாதாரணத் தொலைபேசி இவ்வளவு கிட்டப் போகாது. அதற்கும் தொலைபேசியில் கவ்விப் பூட்டும் சிறிய உருப்பெருக்கு வில்லை இருக்கிறது, மலிவானது. திரையில் இரண்டு விரலை விரித்துப் பெருப்பிப்பதை மட்டும் செய்யாதீர்கள். அது படத்தைப் பெருப்பிப்பதில்லை, கிழிப்பது.

இனி மைக். படம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் மக்கள் பார்ப்பார்கள். பேச்சு விளங்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். வாவியோரத்தில் வேலை செய்பவர்களுக்கு இதில் தனிப்பட்ட கஷ்டம் ஒன்று உண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை பத்து மணிக்குப் பிறகு வெளியில் எடுத்த எந்தப் பதிவிலும் காற்றின் இரைச்சலைத் தவிர வேறெதுவும் இராது. (கச்சான் செய்கையைப் பற்றி எடுத்த படம் ஒன்றைக் கச்சான் காற்று கொண்டுபோன கதை எங்கள் இடத்தில் பகிடியாக வழங்குகிறது.) தொலைபேசியில் உள்ள மைக் பேசுபவரிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி நிற்கிறது. காற்றும் தூரத்து லான்ட்மாஸ்டரும் அதற்குப் பேச்சைவிடக் கிட்டத்தில் இருக்கின்றன. சட்டையில் குத்தும் சிறிய மைக் வாங்குங்கள். வயர் உள்ளதே போதும், அதற்கு மின்கலம் ஏற்றத் தேவையில்லை. அதன் தலைக்குப் பஞ்சுறை போடுங்கள். உறை தொலைந்தால் மெத்தைப் பஞ்சில் ஒரு துண்டை வெட்டிக் கட்டலாம். நெஞ்சில், சேலை உரசாத இடத்தில் குத்த வேண்டும். கழுத்துச் சங்கிலியும் தாலியும் உரசினால் படம் முழுக்கக் கிலுக்குச் சத்தம்தான். முதலில் அரை நிமிடம் பதிந்து, காதில் போட்டுக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நீர் இறைக்கும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் பக்கத்து வயல்காரரிடம் போய்ப் பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் நிறுத்துவார்கள்.

தலைப்பில் கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். எனக்கு இதுவே முக்கியமாகப் படுகின்றது.

இன்றைய தெலங்கானா மாநிலத்தின் சங்காரெட்டி மாவட்டத்தில் சகீராபாத்துக்கு அண்மையில் பஸ்தாபூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே தக்காண அபிவிருத்திச் சங்கம் என்ற அமைப்பில் சேர்ந்த, தாழ்த்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த ஏழைப் பெண்கள் 1990களின் பிற்பகுதியில் வீடியோ எடுக்கப் பழகினார்கள். பலருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. கூலி வேலையும் சிறு நிலமும்தான் அவர்களது வாழ்வு. 2001 இல் அவர்கள் தமக்கென்று ஒரு சமூக ஊடக நம்பிக்கை நிதியத்தையும் அமைத்துக்கொண்டார்கள். சாமை, தினை, சோளம், விதை காத்தல் பற்றியெல்லாம் படம் எடுத்தார்கள். பீட்டி பருத்தியால் வாரங்கல் விவசாயிகள் பட்ட பாட்டை எடுத்த படம் வெளிநாடுகளிலும் காட்டப்பட்டது.

கமராக் கோணங்களுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர்களை அப்பெண்கள் மனனம் செய்யவில்லை. தாமே பெயர் வைத்தார்கள். மேலிருந்து கீழே பார்த்துப் பிடிப்பது பட்டேல் பார்வை. பட்டேல் என்றால் அவ்வூர் நிலச்சுவான்தார், அவர் எப்போதும் மேலே நின்றே கூலியாட்களைப் பார்ப்பவர். ஒருவரின் கண்ணுக்கு நேரே கமராவை வைத்துப் பிடிப்பது சங்கப் பார்வை. சங்கத்தில் எல்லோரும் தரையில் ஒரே மட்டத்தில் உட்கார்ந்திருப்பதால் அப்பெயர்.

இதைக் கேள்விப்பட்டபோது நான் எடுத்த படங்களையெல்லாம் திரும்பப் போட்டுப் பார்த்தேன். முக்காலியை என் நெஞ்சு உயரத்துக்கு வைத்திருந்தேன், எனக்கு அது வசதி. வயலிலே குந்தியிருந்து களை பிடுங்கும் பெண்ணின் உச்சந்தலையும் முதுகும்தான் படத்தில் இருந்தன. முகம் இல்லை, கை அரைவாசி இல்லை. எமது மொழியில் சொன்னால் அது போடியார் பார்வை. வரம்பில் நிற்கும் போடியார் கண்ணுக்கு முல்லைக்காரனும் கூலியாளும் எப்படித் தெரிந்தார்களோ அப்படியே என் கமராவுக்கும் தெரிந்தார்கள்.

இடம்பெயர்ந்து வாழ்ந்த எங்களுக்கு இந்தக் கோணம் புதியது அல்ல. முகாமில் வரிசையில் நின்றபோது லொறியின் மேலிருந்து எடுத்தார்கள். கூடாரத்தின் வாசலில் குந்தியிருந்தபோது நின்றபடி எடுத்தார்கள். அண்ணாந்து பார்க்கும் குழந்தையின் கண்கள் எத்தனை அறிக்கைகளின் அட்டையில் வந்தன! அப்படங்கள் எமக்கு அரிசியும் தறப்பாளும் வாங்கித் தந்தன என்பதையும் நான் மறக்கவில்லை. ஆனால் அவை எம்மைப் பெறுபவர்களாகவே காட்டின. பயிற்சிப் படத்தில் அதே பெண் கொடுப்பவராக இருக்கிறார். தனக்குத் தெரிந்த ஒன்றை மற்றவருக்குச் சொல்லித் தருகிறார். அதையும் மேலிருந்தே பிடித்தால், பார்ப்பவர் கண்ணில் அவர் இன்னும் வரிசையில்தான் நிற்கிறார்.

ஆகவே கமரா குந்த வேண்டும். குந்தியிருப்பவரின் கண்மட்டம் ஏறத்தாழ இரண்டரை அடி. கடையில் விற்கும் உயரமான முக்காலியைவிட மேசையில் வைக்கும் குட்டி முக்காலியும் ஒரு பழைய சாக்குப் பெட்டியும் இதற்குப் பொருத்தம். முக்காலியே இல்லாவிட்டால் மூன்று கம்பை மேலே சேர்த்துக் கட்டி, சைக்கிள் டியூப் துண்டால் தொலைபேசியை இறுக்கலாம். சேற்றில் கால் புதையாமல் இருக்க ஒவ்வொரு காலின் கீழும் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள். படம் எடுப்பவரும் குந்தித்தான் ஆக வேண்டும். முழங்கால் நோகும். நோவு தாங்காதவர் அந்த வேலையை இளம் பிள்ளைகளிடம் கொடுக்கலாம்.

கண்மட்டம் என்பது பேசும்போது. கைவேலையைக் காட்டும்போது வேறொரு விதி உண்டு. இதை எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு மூதாட்டி. அவர் மாங்கன்றுக்கு ஒட்டு வைத்துக்கொண்டிருந்தார். நான் எதிரே இருந்து முகத்தையும் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். “என்ன மனே, என்ட மூஞ்சியையா படம் புடிக்காய்? கையிலதானே வேல கிடக்கு. இஞ்சால வந்து என்ட தோளுக்குப் பின்னால நில்லு” என்றார். அவர் சொன்னதில் பெரிய விடயம் அடங்கியிருக்கிறது. எதிரே இருந்து பிடித்தால் பார்ப்பவருக்கு இடது வலது மாறித் தெரியும். கத்தியைத் தன் பக்கம் இழுப்பதா, வெளியே தள்ளுவதா என்பது குழம்பும். செய்பவரின் வலது தோளுக்கு மேலாக, அவர் கண் பார்ப்பதைக் கமராவும் பார்க்கும்படி வைத்தால், படத்தில் தெரியும் கை பார்ப்பவரின் கை போலவே இருக்கும். எமது பிள்ளைகள் தகப்பனின் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் தொழில் பழகினார்கள். இடக்கைக்காரர் செய்தால் இடது தோளுக்கு மாற வேண்டும்.

வெளிச்சத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் எடுங்கள், பிறகு நாலரைக்கு மேல். உச்சி வெயிலில் தொப்பியின் நிழல் முகத்தை விழுங்கிவிடும். வாவியைப் பின்னால் வைத்து ஒருபோதும் எடுக்க வேண்டாம், அழகாகத்தான் இருக்கும், ஆனால் தண்ணீரின் பளபளப்பில் மனிதர் கறுத்துப் போவார். வீட்டுக்குள்ளே மின்விளக்கில் எடுத்தால் படம் துடிக்கும். எமது மின்சாரம் வினாடிக்கு ஐம்பது சுற்று ஓடுவது அதன் காரணம். தொலைபேசியில் வினாடிக்கு 25 சட்டம் என்று வைக்க முடிந்தால் துடிப்பு பெரும்பாலும் அடங்கும். முடியாவிட்டால் வாசல் பக்கம் வந்து இருங்கள்.

இவையெல்லாம் சரியாக அமைந்தும் நாங்கள் ஒரு பெரிய பிழை விட்டோம். உப்புத் தண்ணீரில் விதைநெல் தெரிவதைப் பற்றி ஒரு படம் எடுத்தோம். முறை உங்களிற் பலருக்குத் தெரிந்திருக்கும். வாளித் தண்ணீரில் ஒரு புதிய கோழி முட்டையைப் போட்டால் அது அடியில் கிடக்கும். உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டே போனால் முட்டை எழும்பி, ஒரு சில்லறைக் காசளவு தண்ணீருக்கு மேலே தெரியும். அப்போது முட்டையை எடுத்துவிட்டு நெல்லைப் போட வேண்டும். பதரும் அரைவயிறும் நோய் பிடித்ததும் மிதக்கும். அடியில் தங்குவதே விதை. தங்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசி உப்பைப் போக்கிய பின்னரே ஊறப்போட வேண்டும்.

முட்டை எழும்புவதைப் பிடிக்க நாங்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. கறுத்த வாளியில் தண்ணீர் தெரியவில்லை. வெள்ளை வாளிக்கு மாறினோம், இப்போது முட்டை தெரியவில்லை. திரையில் முட்டையின் மேல் விரலை அழுத்தி ஒளியைப் பூட்டிய பிறகு சரிவந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. படத்தைப் பத்து நிமிடத்துக்குள் அடக்க வேண்டும் என்று வெட்டியபோது, அலசும் காட்சி வெறும் தண்ணீர் ஊற்றுவதுதானே என்று அதைத் தூக்கிவிட்டோம். முட்டைக்கு இரண்டு நிமிடம் கொடுத்தோம். படத்தைப் பார்த்த ஒரு குடும்பம் படத்தில் உள்ளபடியே செய்தது. அலசவில்லை. விதை சரியாக முளைக்கவில்லை. கடன் வாங்கி உழுத வயல் அது. வீட்டுக்காரி என்னிடம் கோபிக்கவில்லை. “நீங்க காட்டினதத்தான் செஞ்சம்” என்று மட்டும் சொன்னார்.

அன்று முதல் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். படத்தை வெளியே கொடுக்குமுன், எடுக்கும்போது அங்கே இல்லாத இருவரைக் கூட்டிவந்து காட்டுவோம். பிறகு, பார்த்ததைச் செய்து காட்டச் சொல்லுவோம். நாங்கள் வாய் திறப்பதில்லை. அவர்கள் கை எங்கே தயங்கி நிற்கிறதோ அங்கே படம் பிழை. எடுத்தவர்களுக்கு மனம் நோகும், ஆனாலும் விடுவதில்லை.

படம் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. 2006 இல் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் டிஜிட்டல் கிரீன் என்ற முயற்சி தொடங்கியது. உள்ளூர் விவசாயிகளையே வைத்துச் சிறு படங்கள் எடுத்து, மாலையில் கிராமத்தில் காட்டினார்கள். கர்நாடகாவில் 16 கிராமங்களில் 1,470 குடும்பங்களிடையே 13 மாதம் நடத்திய பரீட்சார்த்தத்தில், வழக்கமான விரிவாக்க முறையைவிட ஏழு மடங்கு பேர் புதிய முறைகளைக் கையாண்டதாக அவர்கள் 2009 இல் எழுதினார்கள். தம் முயற்சியைத் தாமே அளந்த கணக்கு என்பதால் ஏழு என்ற எண்ணைச் சற்றுக் குறைத்தே நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் கண்ட இன்னும் இரண்டு விடயங்களை என் அனுபவமும் ஒப்புக்கொள்கிறது. படத்தைப் பார்த்தவர்கள் முதலில் கேட்டது இவர் யார், எந்த ஊர் என்பதே. தம்மைப் போன்றவர் என்று தெரிந்தால் நம்பினார்கள். அடுத்தது, படத்தை நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டு நடத்த ஊராள் ஒருவர் வேண்டியிருந்தது. படத்தை ஓடவிட்டுப் பேசாமல் இருந்தால் அது படக்காட்சியாகவே போய்விடும். எமது விவசாயப் போதனாசிரியர்கள் இந்த இடத்தில் பெரிதும் உதவலாம். ஒரு போதனாசிரியருக்கு எத்தனை கிராமம் என்று உங்களுக்குத் தெரியும். அவர் வர முடியாத கிழமையில் படம் வரும், படம் சொல்ல முடியாததை அவர் வரும்போது கேட்கலாம், அல்லது 1920 க்கு அழைக்கலாம்.

யாரிடம் தொலைபேசியைக் கொடுப்பது என்பதில் எனக்கு ஐயமில்லை. பெண்களிடம். அகமதாபாத்தில் சேவா என்ற சங்கம் 1984 இலேயே, மரக்கறி விற்கும் பெண்கள் உட்படத் தன் உறுப்பினருக்கு வீடியோ பழக்கியது. அன்றைய கமரா இன்றைய தொலைபேசியைப் போல் எளிதானதல்ல. அவர்களால் முடிந்தது எங்களால் முடியாதா? எமது பக்கத்தில் விதைநெல் காப்பதும் வீட்டுத்தோட்டமும் கோழியும் பெண்களின் கையில்தான் இருக்கின்றன. ஆண் கமராவோடு வந்தால் அவர்கள் சேலையைச் சரிசெய்துகொண்டு புத்தகத் தமிழில் பேசத் தொடங்குவார்கள். பக்கத்து வீட்டுக்காரி கமராவோடு வந்தால் வேலை செய்துகொண்டே பேசுவார்கள்.

கடைசியாக, அனுமதி. கனடாவின் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் போகோ என்றொரு தீவு உண்டு. மீனவர் தீவு. 1960களில் அரசாங்கம் அம்மக்களை எழுப்பி வேறிடத்தில் குடியேற்ற எண்ணியிருந்தது. 1967 இல் அந்நாட்டுத் திரைப்படச் சபையினர் அங்கு சென்று 27 குறும்படங்களை எடுத்தார்கள். ஒரு ஒழுங்கை மட்டும் கண்டிப்பாகக் கைக்கொண்டார்கள்: யாரைப் படம் எடுத்தார்களோ அவரே முதலில் பார்ப்பார், அவர் சரி என்று சொன்ன பின்னரே மற்றவர்க்குக் காட்டப்படும். ஒரு பகுதி மக்கள் பேசியதை மறுபகுதியினர் பார்த்தார்கள், பிறகு அமைச்சர்கள் பார்த்தார்கள். தீவார் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள், தீவைவிட்டு எழும்பவில்லை. படத்தால் மட்டுமே இது நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒழுங்கு எமக்கு உகந்தது. எம்மை எடுத்த படங்களில் எத்தனையை நாம் பார்த்திருக்கிறோம்?

ஆதலால் எடுத்த அன்றே, அதே இடத்தில் இருந்து, பேசியவருக்குப் போட்டுக் காட்டுங்கள். கடன், காணித் தகராறு, கணவனைப் பற்றிய பேச்சு என்று வாய் தவறி வந்தவை இருக்கும். அழிக்கச் சொன்னால் அவர் கண் முன்னே அழியுங்கள். ஊருக்குள் காட்டுவதற்கு மட்டும் சம்மதித்தவரின் படத்தை உலகத்துக்கு ஏற்றிவிட வேண்டாம். பதிவின் ஒரு பிரதி சங்கத்தில் இருக்கட்டும், இன்னொன்று பேசியவரின் வீட்டில் இருக்கட்டும். வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை போட்டுப் பார்த்து, புதிய காட் வந்தால் அதற்கு மாற்ற வேண்டும்.

உப்புத் தண்ணீர்ப் படத்தைத் திரும்ப எடுத்தோம். இம்முறை செய்து காட்டியவர், விதை முளைக்காமற் போன அந்த வீட்டுக்காரிதான். அவராகவே கேட்டு வந்தார். முட்டைக்கு அரை நிமிடம், அலசுவதற்கு இரண்டரை நிமிடம். மூன்றாந்தரம் அலசிய தண்ணீரைக் கையில் அள்ளி, நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பு இல்லை என்று தலையாட்டுகிறார். அதை நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. பெரும்போக விதைப்புக்கு முன் அந்தப் படம் வேண்டிய சங்கங்கள் ஒரு வெறும் மெமரி காட்டுடன் ஆளை அனுப்பினால் போதும்.